வருகையில் கைவிடப்படுவேனோ? – கடிதம்

அன்புள்ள ஐயா,

இயேசு திரும்ப வரப்போகும் வருகையைப் பற்றிப் பிரசங்கம் கேட்ட அன்றெல்லாம் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. ஒரு கோபச்சொல் சொன்ன மறுநிமிடம் அவர் வந்துவிட்டால் என் கதி என்ன? இரவுதோறும் ‘என்னை ஏற்றுக்கொள்ளும்’ என்று முதலிலிருந்து ஜெபிக்கிறேன். என் அப்பா விசுவாசி. கடைசி இரண்டு மாதம் நினைவில்லாமல் கிடந்து, ஒரு ஜெபம்கூடச் சொல்லாமல் நித்திரையடைந்தார். அவரைக் காண்பேனா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பாவிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் பயத்துக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

தெசலோனிக்கே பட்டணத்துச் சபையாரின் கலக்கமும் இதுவே. அப்போஸ்தலன் பவுல் அங்கே வந்துபோய் அதிக காலமாகவில்லை. அதற்குள் சிலர் இறந்துவிட்டார்கள். வருகையின் நாளில் அவர்கள் பின்தங்கிவிடுவார்களோ? ஏறக்குறைய கி.பி. 50இல் பவுல் கொரிந்துவிலிருந்து அனுப்பிய பதில்தான் 1 தெசலோனிக்கேயர் 4:13-18. உயிரோடிருக்கும் நாம் அவர்களுக்கு ‘முந்திக்கொள்வதில்லை’. ‘கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள்.’

அந்த ‘முதலாவது’ என்ற சொல்லில் சற்று நில்லுங்கள். மரித்தவர்களால் அந்த நேரத்தில் விழித்திருக்க முடியாது, ஜெபிக்க முடியாது, பாவத்தை அறிக்கையிடவும் முடியாது. அவர்களே முதலில் எழுகிறார்கள். அப்படியானால் வருகையின் எக்காளம் தொனிக்கும் நொடியில் நம் மனம் எப்படி இருந்தது என்பது இதற்கு அஸ்திபாரமாக இருக்க வழியே இல்லை. அஸ்திபாரம் 14ஆம் வசனத்தில் இருக்கிறது: இயேசு மரித்தார், எழுந்தார்; ‘அப்படியே’ அவர்களையும் தேவன் கொண்டுவருவார். உங்கள் அப்பா கிறிஸ்துவுக்குள் இருந்தது தம் ஞாபகசக்தியின் பலத்தில் அல்ல. நோய் அதைப் பறித்தபோதும் அந்த இடம் பறிபோகவில்லை. காண்பீர்கள், அம்மா. 17ஆம் வசனத்தில் ‘அவர்களோடேகூட’ என்று பவுல் எழுதியிருக்கிறாரே!

அதே வசனத்தில் வரும் ‘எதிர்கொண்டுபோக’ என்பதற்கான கிரேக்கச் சொல் அப்போஸ்தலர் 28:15இலும் வருகிறது. பவுல் வருகிறார் என்று கேள்விப்பட்டு ரோமாபுரிச் சகோதரர்கள் அப்பியுபுரம்வரை நடந்துவந்து அவரை எதிர்கொண்டார்கள். பிரியமானவர் வருகிறார் என்று வழிக்கே ஓடிப்போகும் சொல் அது.

பிரசங்கங்களில் தவறு நேர்வது பெரும்பாலும் 5ஆம் அதிகாரத்தில். ‘இரவிலே திருடன் வருகிறவிதமாய்’ என்ற இரண்டாம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நான்காம் வசனம் வாசிக்கப்படுவதில்லை: அந்த நாள் திருடனைப்போல உங்களைப் பிடித்துக்கொள்ள, ‘நீங்கள் அந்தகாரத்திலிருக்கிறவர்களல்லவே.’ பவுலின் நிருபத்தில் அதிகாரப் பிரிவே கிடையாது. அது 13ஆம் நூற்றாண்டில் வந்தது. 4:18இன் ‘தேற்றுங்கள்’ அப்படியே 5:11வரை ஓடுகிறது.

விழிப்பு வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். ஆனால் மத்தேயு 25இல், மணவாளனுக்காக விளக்கோடு காத்திருந்த பத்துக் கன்னிகைகளின் உவமையில், புத்தியுள்ள ஐவரும்கூடத் தூங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். மணவாளன் மற்ற ஐவரிடம் ‘உங்களை அறியேன்’ என்று சொன்னது தூங்கியதற்காக அல்ல. புத்தியுள்ளவர்களுக்கும் தூக்கம் வந்தது, ஆனால் விளக்குக்கு எண்ணெய் இருந்தது.

இனி இரவில் செய்யவேண்டியது. கோபச்சொல் பாவம்தான். அதைப் பெயர் சொல்லியே அறிக்கையிடுங்கள்; அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்னும் 1 யோவான் 1:9 அதற்குப் போதும். புண்பட்டவரிடம் மறுநாள் போய்ப் பேசுங்கள். குறிப்பாக எதுவும் நினைவுக்கு வராமல் வெறும் பயம் மட்டும் இருந்தால், பாவத்தைத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். ‘என்னை ஏற்றுக்கொள்ளும்’ என்ற ஜெபத்தையும் நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு இரவும் அதைச் சொல்லும்போது, நேற்றைய ஜெபத்தை அவர் கேட்கவில்லை என்றுதான் உங்கள் மனம் கற்றுக்கொள்கிறது. அதற்குப் பதிலாக, ஏற்றுக்கொண்டதற்காக ஸ்தோத்திரம் சொல்லுங்கள். பிறகு 4:13 முதல் 5:11 வரை, 17 வசனங்கள், நிறுத்தாமல் சத்தமாக வாசியுங்கள்.

‘ஒருவரையொருவர்’ தேற்றும்படிதான் பவுல் 4:18, 5:11 ஆகிய இரண்டு இடத்திலும் சொல்லியிருக்கிறார். ஆகவே சபையில் நம்பிக்கையான ஒரு சகோதரியிடம் இந்தப் பயத்தைச் சொல்லி, அந்தப் பகுதியை அவர் வாசிக்க நீங்கள் கேளுங்கள்.