பாலைவனத்தைக் காட்டும் எட்சிங் படத்தில், அதாவது உலோகத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தால் அரித்து, கோடுகளில் மை நிரப்பித் தாளில் அச்செடுக்கும் படத்தில், ரசிக்க என்ன இருக்கிறது? பாதித் தாள் வெறுமையாக அல்லவா கிடக்கிறது?

அந்த வெறுமையில்தான் வெயில் இருக்கிறது. நம் பழம்பாடல்கள் பாலைக்கு நண்பகலைப் பொழுதாக வைத்தன. நண்பகலில் நிழல் சுருங்கிவிடும். ஊசிக்குக் கீற இடமே இராது. கை துறுதுறுக்க, மணலை எல்லாம் கோடுகளால் நிரப்பியவரின் படத்தில் வெப்பம் தெரியாது.

ஆனால் நான் முதலில் தேடுவது தூரத்துக் குன்றுகளை. பினாங்கில் வாழும் நமக்கு இது எளிதில் பிடிபடும். கர்னி டிரைவிலிருந்து கெடாவின் ஜெராய் மலையைப் பாருங்கள்: ஈரக்காற்றில் விளிம்பு கரைந்து, நீலப் புகைபோல் நிற்கும். பாலைவனத்தின் வறண்ட காற்றிலோ தொலைவு வெளிறும், மங்காது. கோடு மெலிதாக இருக்க வேண்டும், கூர்மையும் குறையக்கூடாது.

அதைச் சாதிப்பது அமிலம். செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சிட்டு ஊசியால் கீறி அமிலத்தில் அமிழ்த்தினால், கீறிய இடம் மட்டும் அரிபடும். குன்றின் கோடுகள் சற்று அரிபட்டதுமே தகட்டை எடுத்து, அவற்றை வார்னிஷால் அடைத்துவிட்டு மறுபடி அமிழ்த்துவார்கள். முன்னால் நிற்கும் கள்ளியின் கோடுகள் தொடர்ந்து ஆழமாகும்; மை நிறையத் தேங்கிக் கறுப்பாக விழும். ஆக, அருகும் தொலைவும் அமிலத்தில் கிடந்த நேரத்தின் கணக்கு.

இதில் கைதேர்ந்தவர் அமெரிக்கரான ஜார்ஜ் எல்பர்ட் பர் (1859–1939). தென்மேற்கு அமெரிக்கப் பாலைவனங்களை 35 படங்கள் கொண்ட தொகுதியாகச் செய்தார். அந்தியும் புழுதிக்காற்றும் வேண்டிய இடத்தில் வேறு வழிகளும் உண்டு: பிசின் தூளை ஒட்டவைத்து அரிக்கும் அக்வாடின்ட், தகட்டையே நேராகக் கீறும் டிரைபாயின்ட். டிரைபாயின்ட் கோட்டின் ஓரம் மென்மயிர்போல் கசிந்திருக்கும். தகட்டைத் துடைக்கும்போது மெல்லிய மைப்படலத்தை விட்டுவைப்பதும் ஒரு வழி. அளவோடு என்றால் அழகு. பலர் அதைக்கொண்டு பலவீனமான வானத்தை மறைத்துவிடுகிறார்கள் என்பது என் குறை.

கைபேசித் திரையில் இவை எதுவும் தெரியாது. கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்திலோ வேறெங்கோ எந்த எட்சிங் கண்ணில் பட்டாலும், பாலைவனமாக இல்லாவிட்டாலும், கண்ணாடியில் விளக்கு பளிச்சிடாத பக்கமாக நின்று சாய்வாகப் பாருங்கள். தகட்டின் விளிம்பு தாளை அழுத்திய பள்ளம் முதலில் தெரியும். பிறகு, மை தாளின் பரப்பைவிடச் சற்று மேலெழுந்து நிற்பதும் தெரியும்.