ராஸ்ப்பெரி பை பூட் ஆகலையா? கேளுங்க

ராஸ்ப்பெரி பைங்கிற குட்டி கம்ப்யூட்டர் பூட் ஆகலை, அதாவது ஸ்டார்ட் ஆகலைன்னு பெங்களூரு நண்பர்கள் அனுப்பின கேள்விகள்ல பாதிப்பேர், "எஸ்டி கார்டை அழிச்சுட்டு திரும்ப இமேஜ் போடட்டுமா அக்கா?"ன்னு கேட்டிருக்கீங்க. அவசரப்படாதீங்க. போர்டு என்ன சொல்லுதுன்னு முதல்ல பார்ப்போம்.

அல்சூர்: பை 4-ஐ லேப்டாப் சார்ஜர்ல போட்டா சிவப்பு விளக்கே எரியலை. பழைய போன் சார்ஜர்ல எரியுது.

2019-ல வந்த முதல் போர்டுகள்ல ஒண்ணா இருக்கணும். டைப்-சி சாக்கெட்ல ரெண்டு பின்னுக்குத் தனித்தனியா ரெசிஸ்டர் வைக்காம, ரெண்டுக்கும் சேர்த்து ஒண்ணு வச்சுட்டாங்க. லேப்டாப் கேபிளுக்குள்ள சிப் இருந்தா, எதிர்ல இருக்கிறது ஹெட்போன்னு சார்ஜர் நினைச்சு கரண்டையே விடாது. சிப் இல்லாத சாதா கேபிள் போதும். ஆனா சார்ஜர் 5 வோல்ட் 3 ஆம்பியர் தரணும். போன் சார்ஜர் பலதுக்கு அந்தத் தெம்பு கிடையாது.

வைட்ஃபீல்டு: பச்சை விளக்கு 7 தரம் மின்னுது, நிக்குது, திரும்ப 7.

கெர்னல் கோப்பு, அதாவது லினக்ஸோட மையப் புரோகிராம், கிடைக்கலைன்னு அர்த்தம். 4 தரம்னா ஸ்டார்ட் கோப்பு இல்லை. இந்தக் கோப்புகள் இருக்கிற பூட் பார்ட்டிஷன் (கார்டோட முதல் பகுதி) விண்டோஸ்லயே திறக்கும், கோப்பு இருக்கான்னு பாருங்க.

கே.ஆர்.புரம்: நேத்து மழையில கரண்ட் போயிட்டு வந்துச்சு. அதுலேர்ந்து ஒன்றரை நிமிஷம் அப்படியே நிக்குது, அப்புறம் எமர்ஜென்சி மோடு, ரூட் அக்கவுண்ட் லாக்னு வருது. கார்டு போச்சா மேடம்?

அந்த ஒன்றரை நிமிஷம் எதுக்கோ காத்திருக்கு. வெளியில ஹார்டு டிஸ்க் ஏதாவது மாட்டியிருந்தீங்களா?

ஐயோ, ஆமா. அதைத் தம்பி ஓசூருக்கு எடுத்துட்டுப் போயிட்டான்.

அப்ப மழை மேல பழி போடாதீங்க! டிஸ்க் போனது தெரியாம பை ஓடிக்கிட்டே இருந்திருக்கு. ரீஸ்டார்ட் ஆனப்பதான் தேடியிருக்கு. தம்பி வர்ற வரைக்கும் பொறுக்க முடியாதுன்னா, கார்டைக் கழட்டி வேற லினக்ஸ் மெஷின்ல போட்டு, ரெண்டாவது பார்ட்டிஷன்ல, எந்த டிஸ்க்கை எங்க மாட்டணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் (/etc/fstab) கோப்பைத் திறங்க. அந்த டிஸ்க் வரியில 'டீஃபால்ட்ஸ்'க்குப் பக்கத்துல கமா போட்டு 'நோஃபெயில்' (nofail)னு சேருங்க. இனிமே டிஸ்க் இல்லைன்னாலும் பூட் ஆகும்.

பொம்மனஹள்ளி: பை 4-ல பச்சை விளக்கு நல்லா துடிக்குது, டிவி கறுப்பு.

ரெண்டு எச்டிஎம்ஐ-ல டைப்-சி பக்கத்துல இருக்கிறதுல மாட்டுங்க.

சிவாஜிநகர்: டிவியே கிடையாது. எரர் எப்படிப் படிக்கிறது?

எஸ்.பி. ரோட்டுல யுஎஸ்பி-டிடிஎல் அடாப்டர்னு கேளுங்க, போர்டோட பின்களை லேப்டாப் யுஎஸ்பி-யோட இணைக்கிறது அது. 3.3 வோல்ட்தானான்னு ரெண்டு தரம் பாருங்க. 5 வோல்ட் ஒண்ணை மாட்டி ஒரு பை 3-ஐ நானே கொன்னிருக்கேன். 6-வது பின் கிரவுண்ட். 8-வது பின் போர்டு பேசுறது, அதை அடாப்டரோட ஆர்எக்ஸ்ல கொடுங்க. 10-வது கேக்குறது, அது டிஎக்ஸ்ல. அடாப்டரோட சிவப்பு ஒயரைத் தொங்க விட்டுடுங்க. பூட் பார்ட்டிஷன்ல இருக்கிற கான்ஃபிக் கோப்புல யுஆர்ட்டை (அந்தப் பின்கள் வழியா பேசுற சீரியல் லைன்) ஆன் பண்ணி, லேப்டாப்ல சீரியல் டெர்மினலைத் திறந்து வேகம் 115200 வச்சீங்கன்னா கெர்னல் பேசுறது வரி வரியா வரும். கடைசிப் பத்து வரியை அனுப்புங்க, பார்க்கிறேன்.