ஏற்றத்தில் என்ஜின் விளக்கு மினுக்கி, காரின் இழுவை குறைந்தால் தொடர்ந்து ஓட்டலாமா?

பேச்சிப்பாறை ஏற்றத்தில் என்ஜின் விளக்கு மினுக்கியதாகவும், எவ்வளவு மிதித்தும் கார் இழுக்கவில்லை என்றும், சமதளத்துக்கு வந்ததும் மினுக்கம் நின்றுவிட்டதால் இனி ஓட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்களுடையது பெட்ரோல் கார் என்பதால் நேரடியாகவே சொல்கிறேன்: காரணம் தெரியும் வரை ஓட்ட வேண்டாம். (டீசல் காருக்கு இந்தப் பதில் பொருந்தாது, பொறியால் எரிபொருளைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கே இல்லாத என்ஜின் அது.)

அந்த விளக்கு நிலையாக எரிந்தால், ஏதோ ஒரு பழுது பதிவாகியிருக்கிறது, சில நாள்களுக்குள் பார்த்துவிட வேண்டும் என்று பொருள். மினுக்கினால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலேயே வெளியேறுகிறது, அதுவும் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு வெளியேறுகிறது என்று பொருள். என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 25 முறை எரிய வேண்டும். ஒரு சிலிண்டர் முழுவதும் விட்டுப்போனால், அந்த 25 முறைக்கான பெட்ரோலும் காற்றும் சூடாக இருக்கும் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகின்றன. உள்ளே இருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் பூசிய, தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. வெப்பம் அளவு மீறினால் அது உருகி வழியை அடைத்துக்கொள்ளும்.

எனக்கு இது நேர்ந்தது ஓர் ஐப்பசி அடைமழையில். நாகர்கோவிலிலிருந்து தக்கலை வழியாகக் குலசேகரம் வரை எந்தக் குறையும் தெரியவில்லை. ஐந்து பேரும் ஏசியுமாக அதே பேச்சிப்பாறைச் சாலையின் ஏற்றத்தில் மிதித்தபோதுதான் கார் குலுங்கி, விளக்கு மினுக்கத் தொடங்கியது. அறியாமையால் தக்கலை வரை அப்படியே ஓட்டிவந்து ஓர் ஒர்க்ஷாப்பில் விட்டேன். ஸ்கேனரில் இரண்டு பிழைக் குறியீடுகள் வந்தன. பி0303 என்பது மூன்றாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பது. பி0171 என்பது கலவையில் பெட்ரோலைவிடக் காற்று கூடியிருக்கிறது என்பது. இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு, புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றி, குறியீடுகளை அழித்துத் தந்தார்கள். அடுத்த மழைக்கு அதே ஏற்றத்தில் அதே மினுக்கம்.

நடந்தது என்னவென்று பின்னர்தான் புரிந்தது. எரியாத சிலிண்டர் பெட்ரோலை மட்டுமல்ல, செலவாகாத ஆக்சிஜனையும் சேர்த்தே வெளியே தள்ளுகிறது. அதை அளந்த சென்சார், காற்று கூடுதல் என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறது. சாட்சி சொன்னவரையே பிடித்து உள்ளே போட்ட கதைதான். காரின் கணினிக்கும் பிளக்கில் பொறி விழுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. என்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் வேகம் ஒவ்வோர் எரிப்புக்கும் எப்படிக் கூடிக் குறைகிறது என்று பார்த்து, எந்தச் சிலிண்டர் விட்டுப்போனது என்று ஊகிக்கிறது. எனவே குறியீடு இடத்தைத்தான் காட்டும், காரணத்தைச் சொல்லாது.

இரண்டாம் முறை மார்த்தாண்டத்தில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். "சாமானம் பொறவு வாங்கலாம் சாரே, மொதல்ல எடம் மாத்திப் பாப்போம்" என்றார். என்ஜின் ஆறிய பிறகு, பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில்களில், மூன்றாம் சிலிண்டரின் காயிலை முதல் சிலிண்டருக்கும் முதலாவதை மூன்றுக்கும் மாற்றிப் பொருத்தி, பழைய குறியீட்டை அழித்துவிட்டு, ஏற்றமுள்ள சாலையில் சிறிது தூரம் மட்டும் ஓட்டிப் பார்த்தார். இப்போது வந்தது பி0301. பழுது காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டதால், குற்றம் காயிலில்தான் என்பது உறுதியாயிற்று. குறியீடு பி0303 ஆகவே நின்றிருந்தால் அடுத்து பிளக்கையும், அதற்கும் அசையாவிட்டால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும் இதே முறையில் மாற்றிப் பார்த்து, கடைசியாகத்தான் சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக ஏறுகிறதா என்று கம்ப்ரஷன் அளந்திருப்பார். எனக்குத் தெரிந்து இதைவிடச் செலவு குறைந்த சோதனை கிடையாது.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. காயில் ஏன் கெட்டது என்று தேடினார். பிளக் குழிக்குள் தண்ணீர் தேங்கிய தடமும், காயிலின் ரப்பர் உறையில் மின்சாரம் கசிந்து ஓடிய கரிக்கோடும் இருந்தன. எங்கள் முற்றத்துப் புளியமரத்தின் அடியில்தான் கார் நிற்கும். அதன் சருகு முன்கண்ணாடிக்குக் கீழுள்ள வடிகாலை அடைத்ததால், மழைத்தண்ணீர் என்ஜின் மேல் வழிந்திருக்கிறது. சமதளத்தில் தெரியாத குறை ஏற்றத்தில் தெரிந்ததற்கும் காரணம் உண்டு. பாரம் கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பொறி தாவ அதிக மின்னழுத்தம் வேண்டும். அப்போது மின்சாரம் பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதற்குப் பதிலாகக் கசிவின் எளிய வழியில் போய்விடுகிறது.

ஆகவே ஒர்க்ஷாப்புக்கு முடிந்தால் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஏசியை அணைத்து, மெதுவாக, மினுக்கம் வராத அளவுக்கு மட்டும் மிதித்து அருகிலுள்ள இடத்துக்குப் போங்கள். குறியீட்டைப் படிக்கும் முன் பேட்டரியைக் கழற்ற யாரையும் விடாதீர்கள். பழுது எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் வந்தது என்ற பதிவும் அதோடு அழிந்துபோகக்கூடும். ஒரு சிலிண்டரைக் குறிக்காமல் பி0300 என்று மட்டும் வந்தால், கடைசியாகப் பெட்ரோல் போட்ட பிறகுதான் தொல்லை தொடங்கியதா என்று யோசித்துப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அளவுக்கு மேல் சேர்ந்தால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். ரப்பர்த் தோட்டத்துக்கு நடுவே வீடு என்றால் எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

காயிலோ பிளக்கோ மாற்றி மினுக்கம் நின்ற பிறகும் இழுவை திரும்பவில்லை என்றால், கன்வெர்ட்டர் அடைத்திருக்கலாம். முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தினால் அது தெரிந்துவிடும். என் காரில் நல்ல வேளையாக அடைப்பு இல்லை. தேவையில்லாமல் மாற்றிய அந்தச் சென்சார் இரண்டாம் முறை கழன்றது இதற்காகத்தான். அந்த முறையாவது ஒரு காரணத்தோடு கழற்றினார்கள்.