செடிப்பேன் (அசுவினி) தின்னும் பூச்சிகள் ஒன்றையொன்று தின்றால்? கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வீட்டுத்தோட்டக்காரர்கள் கேட்டவை.

கேள்வி: அண்ணே, பயத்தங்காய்க் கொடியில பொறிவண்டு முட்டையை ஒரு புழு உறிஞ்சுது. எதைக் கொல்லணும்?

பதில்: எதையும் கொல்லாதீங்க தம்பி. அது கண்ணாடி இறக்கைப் பூச்சியோட புழு, அதுவும் பொறிவண்டு மாதிரி செடிப்பேனைத் தின்னும். போன வாரம் ராத்திரி டார்ச் அடிச்சு நானும் பார்த்தேன். செத்த பேன் தோலை முதுகில சுமந்துக்கிட்டு, அரிவாள் மாதிரி வளைஞ்ச தாடை ரெண்டையும் மஞ்சள் முட்டையில குத்தி நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல முட்டை வத்திச் சுருங்கிடுச்சு. பொறிவண்டும் அப்படித்தான், தன் இனத்து முட்டையையே தின்னும். பெரியது சின்னதைத் தின்னும். முட்டையும், தோல் உரிக்கிற நேரத்துல அசையாம கிடக்கிற புழுவும்தான் முதல்ல மாட்டும். பேன் குறையக் குறைய இது கூடும். அதனால கொடி நுனியில கொஞ்சம் பேன் இருந்தா விட்டுடுங்க.

கேள்வி: மாலத்தியான் பூச்சி மருந்து அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். அது பேனோட பொறிவண்டையும் கொன்னுடும். பெண் பேன் ஆண் இல்லாமலே குட்டி போடும், சீக்கிரம் திரும்பி வந்துடும். பொறிவண்டு முட்டையில இருந்து வண்டாக ரெண்டு மூணு வாரம் ஆகும்.

கேள்வி: கத்தரி இலையைப் பொறிவண்டு சல்லடையாக்குது.

பதில்: அது 28 புள்ளி வண்டு. இலைதான் தின்னும். பொறுக்கிச் சோப்புத் தண்ணியில போடுங்க.

கேள்வி: செம்பனையில (எண்ணெய்ப்பனை) இலை தின்னுற பைப்புழுவுக்கு விடுற குத்திக் கொல்லும் பூச்சியைக் கொண்டுவந்து விடலாமா?

பதில்: நல்ல கேள்வி. விடாதீங்க. கலிபோர்னியா பருத்தியில பூச்சி ஆராய்ச்சியாளர் ரோசன்ஹைமும் கூட்டாளிகளும் செஞ்ச ஆய்வு 1993இல் வந்தது. கண்ணாடி இறக்கைப் புழு தனியா இருந்த கூண்டுல பேன் குறைஞ்சது. நீங்க கேட்ட குத்திக் கொல்லும் பூச்சிக் குடும்பத்துப் பூச்சி ஒண்ணையும் சேர்த்து விட்டப்போ அது புழுவைக் கொன்னுது, பேன் பெருகிடுச்சு. வேட்டைக்காரன் கூடினா பேன் குறையும்னு கணக்குப் போடக்கூடாது.

கேள்வி: கெரெங்கா எறும்பு (மரத்து இலையில கூடு கட்டுற செவ்வெறும்பு) இருந்தா பேன் ஓடிடும்னு தாத்தா சொல்வார்.

பதில்: ஓடாதும்மா. பேன் விடுற இனிப்புத் தண்ணிக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும்.

கேள்வி: எங்க மாமரத்துல கெரெங்காதானே கம்பளிப்புழுவைத் தூக்கிட்டுப் போகுது! தாத்தா சொன்னது பொய்யா?

பதில்: முழுப் பொய் இல்லை, பேனுக்கு மட்டும்தான் பொருந்தாது. மாமரத்துல அது காவல்காரன், அங்க தொடாதீங்க. பயத்தங்காய்க்கு வந்தாத்தான் பேனுக்குக் காவல். பந்தல் கொம்பு அடியில கிரீஸ் தடவின துணி கட்டுங்க, வேற மரத்துக் கிளை பந்தலைத் தொடாம வெட்டுங்க.

கேள்வி: அண்ணே, பேனுக்கு என்ன மருந்து?

பதில்: மேலே சொல்லிட்டேன். மருந்து வேண்டாம். இன்னிக்கு ராத்திரி டார்ச் எடுத்துக்கிட்டு இலைக்கு அடியில பாருங்க.