பொதுக் கணினியில் சொந்த லினக்ஸ்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வீட்டில் ஒரே மடிக்கணினி. அண்ணன், தம்பி, நான் மூவரும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். அவர்களுடைய விண்டோஸில் கைவைக்கக் கூடாது என்று 32 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் உபுண்டு லினக்ஸ் போட்டேன். நன்றாக ஓடுகிறது. ஆனால் ஷட்டவுன் செய்து மறுநாள் திறந்தால் டிஎன்பிஎஸ்சி குறிப்புகள், வைஃபை பாஸ்வேர்டு எதுவுமே இல்லை. எங்கே தவறு?
வாசகி, உசிலம்பட்டி

பதில்: நீங்கள் எழுதியதெல்லாம் தற்காலிக நினைவகமான ராமில்தான் இருந்தது. கணினியை அணைத்ததும் போய்விட்டது. அதை இனி மீட்க வழியில்லை. ரூஃபஸில் 'பெர்சிஸ்டன்ட் பார்ட்டிஷன் சைஸ்' என்று ஒரு நகர்த்தி உண்டு; நீங்கள் சேமிப்பவை தங்கும் சேமிப்புப் பகுதியின் அளவை வைப்பது இதில்தான். உபுண்டுவின் ஐஎஸ்ஓ கோப்பை (முழு உபுண்டுவும் அடங்கிய இமேஜ்) தேர்ந்தெடுத்த பிறகுதான் அது கண்ணில் படும். படும்போதும் 0 என்றே நிற்கும். பெரும்பாலும் எல்லோரும் தவறவிடுவது இந்த இடத்தில்தான். உங்கள் 32 ஜிபியில், விண்டோஸ் காட்டும் அளவு 29 ஜிபி சொச்சம்தான். உபுண்டு இமேஜுக்கு 6 ஜிபி போக, நகர்த்தியை 15 ஜிபி வரை தள்ளுங்கள். 'ஸ்டார்ட்' அழுத்தியதும் ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா என்று கேட்டால் ஐஎஸ்ஓ முறையைத்தான் தர வேண்டும். டிடி முறை இமேஜை அப்படியே அச்செடுப்பது போல எழுதிவிடும். சேமிப்புப் பகுதி உருவாகாது. பென்டிரைவில் உள்ளதெல்லாம் அழியும் என்பதால் முதலில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் சோதித்துப் பாருங்கள். டெஸ்க்டாப்பில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். அது இருந்தால் போதும், வேலை முடிந்தது.

அணைக்கும்போது ஒரு பழக்கம் முக்கியம். மீடியத்தை எடுத்துவிட்டு என்டர் அழுத்தச் சொல்லித் திரையில் ஒரு வரி வரும். அதற்குப் பிறகுதான் பென்டிரைவை உருவ வேண்டும். அதற்கு முன்பே உருவினால், கடைசியாகச் சேமித்தது பாதி எழுதிய நிலையில் நிற்கும்.

கேள்வி: பென்டிரைவில் போட்ட உபுண்டு மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. அப்டேட் கேட்கும்போதெல்லாம் கொடுத்துவந்தேன். இப்போது டெஸ்க்டாப்பே வரவில்லை. எதையும் நிறுவாமலேயே எப்படி இடம் தீர்ந்தது?
வாசகர், திருமங்கலம்

பதில்: பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் சிஸ்டத்தை அச்சிட்ட புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை யாராலும் திருத்த முடியாது. சேமிப்புப் பகுதி அதன்மேல் விரித்த டிரேசிங் பேப்பர். ஒரு மென்பொருளை அப்டேட் செய்தால் பழையது புத்தகத்தில் அப்படியே கிடக்கும்; புதியது முழுசாகத் தாளின் மேல் ஏறும். புத்தகத்தில் இருந்த ஒன்றை நீக்கினாலும் ஒரு எம்பி கூட மிச்சமாகாது. 'இது நீக்கப்பட்டது' என்ற குறிப்புதான் தாளில் விழும். அதனால் அப்டேட் செய்யச் செய்ய இடம் குறைந்துகொண்டே போகும். சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலின் அப்டேட்டில் இன்னொரு வீண் செலவு: பூட் ஆகும்போது ஏறுவது இமேஜில் உள்ள பழைய கெர்னல்தான். புதியது இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா கிடக்கும்.

கோப்புகளை மீட்கலாம். பென்டிரைவிலிருந்து பூட் ஆகும்போது முதலில் வரும் கிரப் மெனுவில் 'ஈ' விசையை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் 'பெர்சிஸ்டன்ட்' என்ற சொல்லை மட்டும் அழித்துவிட்டு எஃப் 10 அழுத்தினால் வெற்று உபுண்டு வரும். பைல் மேனேஜரில் 'ரைட்டபிள்' என்ற பகுதியைத் திறந்து, அதற்குள் 'அப்பர்', அதற்குள் 'ஹோம்' என்று போங்கள். உங்கள் கோப்புகள் அங்கே இருக்கும். அவற்றை வேறொரு பென்டிரைவில் நகலெடுத்த பிறகு, புது இமேஜ் கொண்டு முதலிலிருந்து போட்டுவிடுங்கள். ஒட்டுப்போட்டு ஓட்டுவதைவிட இது மேல்.

இனிமேல் முழு அப்டேட் கொடுக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது இமேஜ் போடுவதே சரியான வழி. சேமிப்புப் பகுதியில் அமைப்புகள் மட்டும் இருக்கட்டும். எழுதிய குறிப்புகள், படங்கள், பிடிஎஃப் எல்லாவற்றையும் இரண்டாவது பென்டிரைவில் வையுங்கள். இதை வலியுறுத்தியே சொல்கிறோம், ஏனென்றால் பென்டிரைவ்கள் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும்.

கேள்வி: நான் லினக்ஸ் பயன்படுத்திவிட்டுப் போனபின், விண்டோஸில் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் போகிறது என்று அலுவலகத்தில் சண்டை. இன்னொரு முறை நீல நிறத் திரை வந்து ஏதோ 48 இலக்க எண் கேட்டது. நான் எதையும் கெடுக்கவில்லையே?
வாசகர், மேலூர்

பதில்: இரண்டும் தனித்தனி விஷயம். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதையே நம்மூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். வித்தியாசம் 5 மணி 30 நிமிடம். உபுண்டுவில் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையின் 'செட்-லோக்கல்-ஆர்டிசி' தேர்வை 1 என்று ஒருமுறை கொடுத்தால் தீரும். சேமிப்பு ஒழுங்காக இருந்தால் அடுத்த முறையும் நிற்கும்.

48 இலக்க எண், விண்டோஸ் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவி. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணைத்திருப்பீர்கள்; அதனால்தான் கேட்டிருக்கும். உபுண்டு செக்யூர் பூட் இயங்கும்போதே பூட் ஆகும், அணைக்கத் தேவையே இல்லை. பூட் வரிசையையும் மாற்ற வேண்டாம். ஆன் செய்ததும் பூட் மெனுவைக் கூப்பிட்டால் போதும். டெல், லெனோவோவில் எஃப் 12, எச்பியில் எஃப் 9. ஏசரில் எஃப் 12 வேலை செய்யாவிட்டால் பயாஸில் அந்த மெனுவை இயக்க வேண்டியிருக்கும். எதுவானாலும் கணினிக்குப் பொறுப்பானவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விண்டோஸின் சி டிரைவ் திறக்காமலோ, படிக்க மட்டும் அனுமதித்தோ நின்றால் வற்புறுத்தித் திறக்காதீர்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாக விண்டோஸ் அரைத்தூக்கத்தில் இருக்கிறது. அதில் எழுதினால் மற்றவர்களின் கோப்புகள் கெடும். டெஸ்க்டாப்பில் இருக்கும் 'இன்ஸ்டால்' ஐகானையும் தொடாதீர்கள்.

கேள்வி: சிம்மக்கல்லில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறேன். பாமினி எழுத்துருவில் வந்த பழைய கோப்புகளை லைவ் லினக்ஸில் திறக்க முடியுமா?
வாசகர், மதுரை

பதில்: முடியும். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கும் எழுத்துரு; தனி கீபோர்டு மென்பொருள் தேவையில்லை. ஹோம் கோப்புறையில் புள்ளியோடு தொடங்கும் 'ஃபான்ட்ஸ்' என்ற மறைகோப்புறையை உருவாக்கி எழுத்துருக் கோப்பைப் போடுங்கள். சேமிப்பு இருப்பதால் நிலைக்கும். புதிதாக அடிப்பதை யூனிகோடில், தமிழ்99 விசைப்பலகையில் அடியுங்கள்.

கேள்வி: பென்டிரைவ் தொலைந்தால்?
வாசகி, அலங்காநல்லூர்

பதில்: எடுத்தவர் எல்லாவற்றையும் படிக்கலாம். உபுண்டு லைவில் கடவுச்சொல்லே கிடையாது; பிரவுசரில் சேமித்த வங்கி, மெயில் பாஸ்வேர்டுகளும் அதில்தான். இந்தக் கவலை இருப்பவர்களுக்கு டெயில்ஸ் என்ற லைவ் லினக்ஸ் பொருத்தம். 8 ஜிபி பென்டிரைவ் போதும். அதன் சேமிப்புப் பகுதி கடவுச்சொல் இல்லாமல் திறக்காது, நீங்கள் டிக் செய்தவை மட்டுமே அதில் தங்கும். ஆனால் கணினியிலேயே நாம் தட்டுவதைப் பதிவுசெய்யும் கீலாகர் கருவி பொருத்தியிருந்தால் எந்த லைவ் சிஸ்டமும் காப்பாற்றாது. முன்பின் தெரியாத கணினியில் வங்கி வேலை வேண்டாம்.