கார்ட்டூனுக்கு ‘உரிமைச் சான்றிதழ்’ விற்கிறாரா? பணத்தைக் கொடுக்காதீர்கள்!

கேள்வி: குழந்தைகளுக்கான யூடியூப் சேனல் தொடங்கப் போகிறேன். மிக்கி மவுஸ், டாம் அண்ட் ஜெர்ரி, போபை, சூப்பர்மேன் பழைய கார்ட்டூன்களுக்குத் தமிழில் குரல் கொடுத்துப் போடலாம் என்று யோசனை. எல்லாமே பப்ளிக் டொமைனுக்கு வந்துவிட்டன என்கிறார் ஒருவர். 300 படங்கள் உள்ள ஹார்டு டிஸ்க், கூடவே ‘தமிழ் உரிமைச் சான்றிதழ்’, இரண்டுக்கும் சேர்த்து 40,000 ரூபாய் கேட்கிறார். 5,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா? பின்னால் வழக்கு வருமா?

பதில்: கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் அந்த 35,000 உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.

பப்ளிக் டொமைனுக்கு வந்த படத்துக்கு உரிமையாளர் என்று யாரும் கிடையாது. உரிமையாளரே இல்லாத பொருளுக்கு உரிமை எழுதிக்கொடுக்க இவர் யார்? அப்படி வராத படம் என்றால் அதற்கு ஓர் உரிமையாளர் இருப்பார், அவர் நிச்சயமாக இந்த ஹார்டு டிஸ்க் ஆசாமி இல்லை. எப்படிப் பார்த்தாலும் அந்தக் காகிதம் செல்லாது. ‘இந்தப் படம் பப்ளிக் டொமைன்’ என்று சான்றிதழ் கொடுக்கும் அலுவலகம் டெல்லியிலும் இல்லை, வாஷிங்டனிலும் இல்லை.

இப்படி ஒரு காகிதத்தை என்னிடம் ஒருவர் கொண்டுவந்து காட்டினார். இருபது ரூபாய் முத்திரைத்தாள், தங்க நிற ஸ்டிக்கர் முத்திரை, கீழே நோட்டரியின் ரப்பர் ஸ்டாம்ப். ‘உலகத் தமிழ் உரிமை முழுவதும், என்றென்றைக்கும், தங்களுக்கு மட்டும்’ என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தார்கள். நோட்டரி சரிபார்ப்பது கையெழுத்துப் போட்டவர் இன்னார்தானா என்பதை மட்டுமே. உள்ளே ‘மெரினா கடற்கரை எனக்குச் சொந்தம்’ என்று எழுதியிருந்தாலும் அதே ஸ்டாம்ப் விழும். ‘தங்களுக்கு மட்டும்’ என்பதோ அதைவிடப் பெரிய கூத்து. பொதுச்சொத்தான படத்துக்கு நீங்களும் தமிழில் குரல் கொடுக்கலாம், உங்கள் எதிர்வீட்டுக்காரரும் கொடுக்கலாம்.

ஹார்டு டிஸ்க்கில் என்ன இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்டர்நெட் ஆர்கைவ் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிய படங்கள் பாதி இருக்கும். மீதி யாருடைய டி.வி.டி.யிலிருந்தாவது உருவியவை. அந்தத் தளத்தில் ஒரு படத்தின் கீழே ‘பப்ளிக் டொமைன்’ என்று போட்டிருந்தால் அதை எழுதியவர் நீதிபதி என்று நினைத்துவிடாதீர்கள். படத்தை ஏற்றியவர் தானே தேர்ந்தெடுக்கும் குறிப்பு அது. யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் போடலாம், போடுகிறார்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம். அமெரிக்கப் படங்களுக்கு நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டே. முதலாவது, வெளியாகி 95 ஆண்டு முடிந்தால் உரிமை போயிற்று. 2026 ஜனவரி 1 கணக்குப்படி 1930 வரை வெளியான படங்கள் எல்லாம் பொது. இரண்டாவது, 1931 முதல் 1963 வரை வெளியானவை. அப்போதைய சட்டப்படி முதலில் 28 ஆண்டுதான் உரிமை. அது முடியும் நேரத்தில் விண்ணப்பம் போட்டுப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் விட்ட படம் அன்றோடு பொதுச்சொத்து. அந்தக் காலத்தில் இந்தக் குட்டிப் படங்களைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. நிறுவனங்கள் கைமாறின, தேதியைத் தவறவிட்டார்கள், ‘இது இனி என்ன சம்பாதிக்கப் போகிறது’ என்றும் விட்டார்கள். 1964 முதல் வந்தவற்றை நீங்கள் மறந்துவிடுவது நல்லது.

புதுப்பித்தார்களா இல்லையா என்பதை எப்படிப் பார்ப்பது? அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ஆண்டுவாரியாகப் பட்டியல் அச்சிட்டிருக்கிறது. தடித்தடியான தொகுதிகள், இப்போது ஸ்கேன் செய்து இணையத்தில் கிடக்கின்றன. 1936இல் வந்த படம் என்றால் 1963, 1964 தொகுதிகளைப் புரட்ட வேண்டும். எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், தேடல் வசதி பாதி நேரம் கைகொடுக்காது. உலகத்துக்கே கணினி விற்கும் நாடு இதை ஒழுங்குபடுத்த இத்தனை காலம் எடுத்துக்கொள்வதை என்னவென்று சொல்வது?

‘நாம் இந்தியாவில் இருக்கிறோம், அமெரிக்கச் சட்டம் நமக்கு எதற்கு? இங்கே 60 வருஷம்தானே’ என்று அந்த ஆசாமி சொல்லியிருப்பார். எல்லாரும் சொல்லும் வசனம் இது. பாதி உண்மை என்பதால்தான் ஆபத்து. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி இங்கே திரைப்படத்துக்கு, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. ஊர்த் திருவிழாவில் திரை கட்டிக் காட்டுவதாக இருந்தால் அந்தக் கணக்கைப் பேசலாம். நீங்கள் போடப்போவது யூடியூபில். அது அமெரிக்க நிறுவனம். புகார் அமெரிக்கச் சட்டப்படி வரும், படத்தை அந்தச் சட்டப்படி தூக்குவார்கள். தூக்கிய பிறகு 26ஆம் பிரிவை யாரிடம் போய்ப் படித்துக்காட்டுவீர்கள்?

அதனால் டாம் அண்ட் ஜெர்ரியைப் பட்டியலிலிருந்து இப்போதே அடித்துவிடுங்கள். முதல் படம் 1940இல் வந்தது. அமெரிக்காவில் அது பொதுச்சொத்தாவது 2036 ஜனவரியில்தான், அடுத்தடுத்த படங்கள் அதற்கும் பிறகு. இந்தியக் கணக்கிலும்கூட அந்தப் படங்களின் உயிரான இசை தனிப் படைப்பு. இசைக்கு இங்கே இசையமைப்பாளர் ஆயுளும் அதற்குமேல் 60 ஆண்டும். இவற்றுக்கு இசையமைத்த ஸ்காட் பிராட்லி இறந்தது 1977இல். கூட்டிப் பாருங்கள், 2037 முடிய வேண்டும்.

மிக்கி மவுஸ் சுலபம். 1928 நவம்பரில் வந்த ‘ஸ்டீம்போட் வில்லி’ 2024இல் பொதுவுக்கு வந்துவிட்டது. கையுறை போட்ட மிக்கி 1929 படங்களில் வருகிறார், அவையும் 2025இல் வந்துவிட்டன. தாராளமாகப் போடலாம். ‘ஸ்டீம்போட் வில்லி’யில் தமிழ்க் குரல் கொடுக்கப் பேச்சுதான் பெரிதாகக் கிடையாது. மிக்கி விசிலடிப்பார், ஒரு கிளி கொஞ்சம் வாயாடும், அவ்வளவே. ஆனால் சேனலுக்கு ‘மிக்கி தமிழ்’ என்று பெயர் வைப்பதோ, லோகோவில் அந்த முகத்தைப் போடுவதோ வேண்டவே வேண்டாம். டிரேட்மார்க் வேறு சங்கதி, அதற்குக் காலாவதியே கிடையாது, புதுப்பித்துக்கொண்டே போகலாம். விசிலடிக்கும் அந்தக் காட்சியையே டிஸ்னி 2007 முதல் தன் அனிமேஷன் ஸ்டூடியோவின் அடையாளமாகப் படங்களின் தொடக்கத்தில் காட்டிவருகிறது. சும்மா செய்யவில்லை.

இப்போது வழக்கு வரக்கூடிய இடத்துக்கு வருகிறேன். சான்றிதழ் வியாபாரிகள் வாய் திறக்காத விஷயம் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

ஒரு படம் பொதுச்சொத்து ஆனதால் அதற்குள் இருக்கும் எல்லாமே பொதுச்சொத்து ஆகிவிடாது. பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தை 1938இல் படமாக எடுத்தார்கள். படத்தின் உரிமையை அமெரிக்காவில் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். படம் பொது என்று நம்பி ஒருவர் அதன் பிரிண்ட்டுகளை வாடகைக்கு விட்டார். நாடகத்தின் உரிமை இன்னும் எங்களிடம் இருக்கிறது என்று ஷாவின் வாரிசுத் தரப்பு வழக்குப் போட்டது. 1979இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அஸ்திவாரத்துக்குச் சொந்தக்காரர் இருக்கும்வரை மேலே கட்டிய வீடு பொதுச் சத்திரமாகாது.

இதை அப்படியே சூப்பர்மேனுக்கு வைத்துப் பாருங்கள். 1941 முதல் 1943 வரை மொத்தம் 17 கார்ட்டூன்கள். முதல் ஒன்பது பிளெய்ஷர் ஸ்டூடியோ எடுத்தவை, எவ்வளவு அழகு! அவற்றின் உரிமையைப் புதுப்பிக்கவில்லை, படங்கள் பொது. ஆனால் சூப்பர்மேன் என்ற பாத்திரம் பிறந்தது 1938 காமிக்ஸில். அது அமெரிக்காவில் பொதுவுக்கு வருவது 2034 ஜனவரியில். ஷா வழக்கின் நிலைமைதான். ‘இணையத்தில் ஊரே போட்டிருக்கிறதே’ என்பீர்கள். போட்டிருக்கிறார்கள். உரிமையாளர் இன்றுவரை பேசாமல் இருப்பதற்கு அனுமதி கொடுத்துவிட்டார் என்று அர்த்தமில்லை. புதிதாகக் காசு போட்டுத் தொடங்கும் சேனல் அதன்மேல் நிற்கக்கூடாது என்பது என் கருத்து. இன்னொன்று, போர்க்காலத்தில் எடுத்த சில பாகங்களில் ஜப்பானியர்களைக் காட்டியிருக்கும் விதம் குழந்தைகளுக்குப் போடக்கூடியதே இல்லை.

போபையில் இதே கதை சற்று வேறுவிதமாகத் திரும்புகிறது. பாத்திரம் வந்தது 1929 படக்கதையில், அது 2025இல் பொதுவாகிவிட்டது. (அந்த முதல் கதையில் போபைக்குப் பசலைக்கீரை கிடையாது. அதிசயக் கோழி ஒன்றின் தலையைத் தடவித்தான் துப்பாக்கிக் குண்டிலிருந்து தப்பிப்பார்.) கார்ட்டூன்களில் சிந்துபாத்தைச் சந்திப்பது (1936), அலிபாபா கதை (1937), அலாவுதீன் கதை (1939) ஆகிய மூன்று நீளமான வண்ணப் படங்கள் புதுப்பிக்காமல் விட்டவை. உங்களுக்கு இவை போதும், தமிழில் நன்றாகவே எடுபடும். சிக்கல் பாட்டில் இருக்கிறது. ‘நான்தான் போபை’ என்று அவர் பாடும் அந்தப் பிரபலமான பாட்டு, 1933இல் வந்த முதல் படத்துக்காக சாமி லெர்னர் எழுதியது. அதற்கு அமெரிக்காவில் இன்னும் உரிமை உண்டு. சிந்துபாத் படம் பொது, அதற்குள்ளே ஒலிக்கும் அந்தப் பாட்டு பொது இல்லை. நீங்கள் எப்படியும் தமிழ்க் குரல் கொடுக்கத்தானே போகிறீர்கள்? மூல ஒலித்தடத்தை மொத்தமாக எடுத்துவிட்டு, இசையும் சத்தங்களும் புதிதாகச் சேருங்கள். அந்த மெட்டை நாதஸ்வரத்தில் வாசித்தாலும் அதே மெட்டுதான், அந்தப் புத்திசாலித்தனம் வேண்டாம்.

எந்தப் பிரிண்ட் என்றும் பாருங்கள். கறுப்பு-வெள்ளையாக எடுத்த போபை படங்களை டர்னர் நிறுவனம் 1980களில் தென்கொரியாவில் மறுபடி வரையவைத்து வண்ணமாக்கியது. அது புதிய படைப்பு, தொடாதீர்கள். பழைய பிரிண்ட் என்றால் தொடக்கத்தில் கப்பலின் கதவுகள் திறந்து மூட, உள்ளே பெயர்கள் வரும். சில பிரதிகளில் பாரமவுண்ட் பெயரை எடுத்துவிட்டு, 1950களில் தொலைக்காட்சிக்கு விற்ற ஏ.ஏ.பி. நிறுவனத்தின் பெயர் ஒட்டியிருக்கும். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் யூடியூபில் ஒரு நாள் ‘உரிமை கோரல்’ வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தீர்ப்பு சொல்வது இயந்திரம். எவனோ அதே படத்தை ஏற்கெனவே தன் பெயரில் பதிந்து வைத்திருப்பான், உங்கள் விளம்பர வருமானம் அவனுக்குப் போகத் தொடங்கும். நீங்கள் ஆட்சேபித்தால் பதில் சொல்ல அவனுக்கு 30 நாள் அவகாசம். பொய்யாகக் கோரியவனுக்கு ஒரு மாதம் சொகுசு, உண்மையாளன் படிவம் நிரப்பிக்கொண்டிருக்க வேண்டும். படத்தையே எடுக்கச் சொல்லும் நீக்கல் நோட்டீஸ் வந்தால் இன்னும் மோசம், அது ‘ஸ்ட்ரைக்’ என்று உங்கள் சேனல் கணக்கில் ஏறும். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வந்தால் சேனலே போகும். எதிர்மனு போடலாம், ஆனால் உங்கள் பெயரும் முகவரியும் புகார்க்காரனுக்குப் போகும் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கோப்பு வையுங்கள்: வெளியான தேதி, புதுப்பித்தல் தொகுதிகளில் தேடிய பக்கங்களின் படம், பிரதி எங்கிருந்து எடுத்தது என்ற விவரம். நாற்பதாயிரம் ரூபாய் சான்றிதழ் செய்யாத வேலையை அந்தக் கோப்பு செய்யும்.

படத்தை அப்படியே ஏற்றினால், பொதுச்சொத்தாகவே இருந்தாலும், ‘மறுபயன்பாடு’ என்று சொல்லி விளம்பர வருமானம் தர மறுப்பார்கள். உங்கள் தமிழ் வசனமும் குரலும் அதற்கும் உதவும். குரல் கொடுப்பவர்களிடமும் இசை செய்பவரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், நண்பராக இருந்தாலும் சரி. உங்கள் டப்பிங்கைப் பதிவுசெய்தே ஆகவேண்டும் என்று அடுத்த தரகர் வருவார். இந்தியாவில் பதிவு கட்டாயமில்லை. ஆசைப்பட்டால் நீங்களே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். வசனத்துக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000. ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பார்கள், அதன்பிறகு எத்தனை நாள் என்று கேட்காதீர்கள்.

கொடுத்த 5,000ஐப் பொறுத்தவரை, அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேளுங்கள்: எந்தெந்தப் படம், உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது, அந்த ஒப்பந்தத்தின் நகல் எங்கே? பதில் வராது, வந்தாலும் மழுப்பலாக இருக்கும். பணத்தைத் திருப்பித் தர ஒரு வாரம் கெடு கொடுங்கள். தரவில்லையென்றால், ஆன்லைனில் அனுப்பிய பணமாக இருந்தால் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குப் புகார் சொல்லலாம். பணம் அனுப்பிய ரசீதையும் அந்த உரையாடலையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள்.