கோஜியின் கோபமும் டெட்சுயாவின் கோபமும்

வணக்கம்.

பழைய ஜப்பானிய ரோபோ தொடர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ‘மாஜிங்கர் இசட்’ பார்க்க ஆரம்பித்தேன். அதற்கு முன்பே ‘எவாஞ்செலியன்’ பார்த்திருக்கிறேன். அதன் நாயகன் ஷிஞ்சியின் பயமும் தயக்கமும் எனக்கு நெருக்கமாக இருந்தன. இங்கே ரோபோவை ஓட்டும் நாயகன் கோஜி கபுட்டோ எடுத்ததற்கெல்லாம் கத்துகிறான். ஆய்வுக்கூடத் தலைவர் பேராசிரியர் யூமி பொறு என்றால் பொறுப்பதில்லை. சயாகாவோடு எந்நேரமும் சண்டை. ஜெயித்துவிடுவதால் எல்லாம் சரியாகிவிடுகிறது. ரத்தம் கொதித்தால் போதும், வெற்றி வந்துவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிற கதைதானே இது? பின்னால் வந்த தொடர்களிலும் இதே பையன் வேறு வேறு பெயரில் வருகிறான். இவனிடம் நீங்கள் என்னதான் பார்க்கிறீர்கள்?

ர.

அன்புள்ள ர.,

நிறையப் பார்க்கிறேன். கோஜி எனக்கு மிகவும் பிடித்தவன்.

அவன் தொலைக்காட்சிக்கு வந்தது 1972 டிசம்பரில். அதற்கு முன் ஜப்பானியக் குழந்தைகள் கொண்டாடிய ராட்சத ரோபோ, மிட்சுதேரு யோகோயாமாவின் ‘டெட்சுஜின் 28’. ஷோடாரோ என்ற சிறுவன் தரையில் நின்றபடி ரிமோட்டால் அதை இயக்குவான். ரிமோட் கைமாறினால் ரோபோவும் கட்சி மாறிவிடும். மாஜிங்கரைப் படைத்த கோ நாகாய் பையனைத் தூக்கி ரோபோவின் தலைக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டார். நீங்களும் பார்த்திருப்பீர்கள்: ஆய்வுக்கூடத்துக் குளம் பிளந்து மாஜிங்கர் மேலே எழும், கோஜியின் சின்னப் பறக்கும் ஊர்தி, ‘பைல்டர் ஆன்’ என்ற அவன் கூச்சலோடு, அதன் உச்சந்தலைக் குழியில் இறங்கிப் பொருந்தும், அப்புறம்தான் அந்த உடம்புக்கு உயிர் வரும். அதுவரை வெறும் இரும்பு. அவன் உட்கார்ந்தபின் அவனுடைய ஆத்திரம் அதன் முஷ்டியில் இருக்கிறது. இப்படி ஒரு அமைப்பை உண்டாக்கியவர் அதற்குள் சாதுவான பையனை வைத்திருந்தால், ஆத்திரத்தின் கையில் இவ்வளவு பலம் சிக்கினால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரிந்தே இருக்காது.

நாகாய் அதைக் காட்டத் தாமதிக்கவும் இல்லை. சாகும் தறுவாயில், மாஜிங்கரைச் செய்த தாத்தா ஜூஸோ பேரனிடம் சொல்வது, இதை வைத்துக்கொண்டு நீ கடவுளாகவும் ஆகலாம், பிசாசாகவும் ஆகலாம் என்பது. அடுத்து நடப்பது என்ன? கோஜிக்கு ஓட்டத் தெரியவில்லை. மாஜிங்கர் கட்டுக்கடங்காமல் கண்டபடி திரிகிறது. தம்பி ஷிரோவின் உயிருக்கே ஆபத்து வருகிறது. கொதிப்பு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதில்தான் கதையே தொடங்குகிறது.

சயாகா விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். அவளும் ஒரு விமானி. அஃப்ரோடைட் ஏ என்ற ரோபோவை ஓட்டுகிறாள். ஆனால் கோஜி வந்து காப்பாற்றுவதற்காகவே அந்த ரோபோவை மறுபடி மறுபடி உடைக்கிறார்கள். அந்தக் காட்சிகளை இன்று பார்க்கும்போது எனக்கும் கோபம் வருகிறது.

ஆனால் ‘ஜெயித்துவிடுகிறான்’ என்கிறீர்களே, அதை ஏற்க மாட்டேன். 1974 செப்டம்பர் 1 அன்று ஒளிபரப்பான 92ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். தொடர் முழுக்க எதிரியாக இருந்த டாக்டர் ஹெல் செத்தாயிற்று, இனி நிம்மதி என்று இருக்கும்போது மிக்கேனி என்ற புது எதிரியின் போர் விலங்குகள் வந்து இறங்குகின்றன. கோஜி அதே குரலில்தான் கத்துகிறான், அதே ஆவேசத்தோடுதான் பாய்கிறான். ஒன்றும் பலிக்கவில்லை. அத்தனை வாரங்களாக அசைக்க முடியாததென்று பிள்ளைகள் நம்பிய உலோகத்தைப் பிய்த்து எறிகிறார்கள். கோஜியைக் காப்பாற்ற இன்னொரு ரோபோ வர வேண்டியிருக்கிறது.

அதை ஓட்டி வருகிறவன் டெட்சுயா சுருகி. அடுத்த வாரமே தொடங்கிய ‘கிரேட் மாஜிங்கர்’ அவனுடைய தொடர். உங்கள் கேள்விக்கு நேரான பதில் என்று நான் நினைப்பது இவனைத்தான்.

டெட்சுயா அனாதை. செத்துவிட்டதாக நினைக்கப்பட்ட கோஜியின் அப்பா கென்ஸோ உயிரோடுதான் இருக்கிறார். அவர்தான் டெட்சுயாவை எடுத்து வளர்த்து, சிறு வயதிலிருந்தே போருக்குப் பழக்கியவர். ஆகவே இவன் கோஜியைவிடத் தேர்ந்த விமானி. இவனுக்கும் முன்கோபம். ஆனால் அந்தக் கோபம் பிறக்கிற இடமே வேறு. கண்ணெதிரே யாராவது அடிபட்டால் கோஜிக்குப் பொறுக்காது. டெட்சுயாவுக்கோ, தான் தள்ளி வைக்கப்படுகிறோமோ என்ற பயம் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் கோஜி அமெரிக்காவிலிருந்து திரும்புகிறான். பெற்ற பிள்ளை வந்துவிட்டான், இனி எனக்கு என்ன இடம் என்று டெட்சுயா பொருமுகிறான். அந்தப் பொருமலோடு போருக்குப் போய்ச் சிக்கிக்கொள்கிறான். அவனைக் காப்பாற்ற கென்ஸோ தானே எதிரி மீது மோதி உயிரை விடுகிறார்.

1975இல், குழந்தைகளுக்கான ஞாயிற்றுக்கிழமைத் தொடரில் இப்படி முடிக்கத் துணிந்திருக்கிறார்கள். எனக்கு இன்றும் அது பெரிய விஷயமாகத்தான் படுகிறது. இரண்டு பேரும் கத்துகிறார்கள், இரண்டு பேரும் சொல்பேச்சு கேட்பதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் உங்களுக்குத் தோன்றியதுபோல ஒரே பையன்தான். கோஜியின் கோபத்தை நான் நேசிக்கிறேன், டெட்சுயாவின் கோபத்தைப் பார்த்தால் மனம் பதறுகிறது.

ஷிஞ்சியும் இந்த வீட்டுப் பிள்ளைதான். 1979இல் வந்த ‘குண்டம்’ தொடரிலும் நாயகன் அமுரோ ஏறுவது அவன் அப்பா உருவாக்கிய இயந்திரத்தில். தாத்தாவோ அப்பாவோ ஒரு பயங்கரத்தைச் செய்து வைத்துவிட்டு, நீ ஏறு என்கிறார்கள். கோஜி சீறுகிறான், ஷிஞ்சி ஒடுங்குகிறான். ஷிஞ்சியிடம் நீங்கள் காட்டும் பொறுமையில் கொஞ்சம் கோஜிக்கும் கொடுக்கலாம்.

எல்லா அத்தியாயங்களையும் பார்த்தாக வேண்டும் என்று இல்லை. நடுவே வாரம் ஒரு அரக்கன் என்று ஓடுகிற பகுதியைத் தாராளமாகத் தாண்டலாம். முதல் சில அத்தியாயங்கள், கடைசி இரண்டு, பிறகு ‘கிரேட் மாஜிங்கர்’ முடிகிற சில வாரங்கள், அது போதும். டெட்சுயா உங்களுக்கு எப்படித் தெரிகிறான் என்று எழுதுங்கள்.